பஞ்சுக்கு மேலே மண்

எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த முறிவுகளுக்கு எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு, எத்தனை நாள் என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். அதற்கான அட்டவணை உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அது என்னைவிடத் தெளிவாகச் சொல்லும், நடுவே இருமவும் செய்யாது. ஓய்வுபெற்ற எலும்பு டாக்டரைக் கூப்பிட்டால் அட்டவணை கிடைக்காது, யாராவது ஒருவருடைய காலின் கதைதான் கிடைக்கும். பெயர்களை மாற்றிவிட்டு அப்படி ஒரு காலைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன், இளம் டாக்டர்களாகிய நீங்கள் வேலை செய்யப்போகும் ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு மருந்தின் மீது அபார நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கை முழுக்க மருந்தின் கடைசிப் பகுதியின் மீதுதான். முதல் ஊசி எப்போது போட்டீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. மருந்தை நிறுத்திவிட்டேன் என்று சொன்னபோது, "அவ்வளவுதானுங்களா?" என்று முகம் வாடாதவரும் இல்லை. அடிபட்டவுடன் போடும் முதல் ஊசிதான் காலைக் காக்கும், பத்தாம் நாள் ஊசி பெரும்பாலும் உறவினர்களின் மனதைத்தான் காக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊருக்குப் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தைக்கும் கம்பெனிகளைச் சோதிக்க ஆட்களை அனுப்பத் தொடங்கியிருந்தன. விடிந்தால் புல்தரை முளைத்தது. மூலைக்கு மூலை மணல் வாளி தொங்கியது. கழிப்பறைக்குக் கதவு வந்தது, அதில் தாழ்ப்பாளும் வந்தது. முதலுதவிப் பெட்டி வைத்து, கட்டுப் போடுவதற்கு ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள காம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்றொரு புதிய உத்தியோகமும் பிறந்தது. எல்லாம் நல்ல விஷயங்கள்தான், நான் கிண்டல் செய்யவில்லை. எனக்கு ஏற்பட்ட ஒரே தொந்தரவு, இவ்வளவுக்கும் பிறகு கம்பெனிக்குள் விபத்து நடப்பது அடியோடு நின்றுபோனதுதான். அடிபட்ட அத்தனை பேரும் ரோட்டில் விழுந்தவர்களாகவே வந்தார்கள்.

சேவியர் அப்படித்தான் வந்தான். சேவூர் போகும் வழியில் இருந்த ஒரு பனியன் துணி பின்னும் யூனிட்டில் துணி ரோல் தூக்கும் வேலை. திருநெல்வேலிக்குத் தெற்கிலிருந்து பிழைக்க வந்து, நல்லூரில் குடியிருந்தவன். முப்பது வயதிருக்கும். ஒரு பிற்பகலில் கம்பெனி வேனில் கொண்டுவந்தார்கள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து, ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்தது. காலெல்லாம் மண். கூட வந்தவர் பூபதி, அந்தக் கம்பெனியின் காம்ப்ளையன்ஸ் ஆபீசர். சேவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கோயமுத்தூரில் படித்தவர், சட்டையை உள்ளே விட்டு அடையாள அட்டை மாட்டியிருந்தார்.

"சேவூர் ரோட்டுலீங்க சார். பைக்குல போயிட்டு இருந்தாருங்க. நாய் குறுக்க வந்துருச்சுங்க. அப்படியே பக்கத்துக் காட்டுக்குள்ள உளுந்துட்டாருங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பொறகால வேன்ல வந்துட்டு இருந்தமுங்க சார்."

நான் சேவியரைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே, "ஆமா சார், நாயி" என்றான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளையின் குரல்.

எனக்குச் சந்தேகம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் முதல் ஊசிக்கு உண்மை தேவையில்லை. இதை மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதையைத் தீர விசாரித்துவிட்டுத்தான் மருந்து போடுவேன் என்பவர் நீதிபதியாகப் போயிருக்கலாம். கண்ணுக்குத் தெரிவது திறந்த காயம், ஆகவே செஃபாசோலின். காயம் பெரிது, ஆகவே கூட ஜென்டாமைசின். காட்டு மண் இருக்கிறது (இந்தப் பக்கத்தில் காடு என்றால் விவசாய நிலம்), ஆகவே பெனிசிலினும் சேரட்டும். மண்ணில் வாழும் சில கிருமிகள் காற்றுப் புகாத சதைக்குள் போய்விட்டால் முதலில் காலைக் கேட்கும், பிறகு ஆளையே கேட்கும். ரண ஜன்னிக்கும் ஊசி போட்டாயிற்று. எக்ஸ்ரே அறைக்குப் போகும் முன்பே முதல் மருந்து ரத்தத்தில் ஏறியிருந்தது. சிஸ்டர் என்னைவிட வேகம்.

ஆபரேஷன் தியேட்டரில் காயத்தைக் கழுவும்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. மேலே இருந்த மண் கரைந்து போனதும் அடியில் வெள்ளையாகப் பஞ்சு. நூல் ஓடும் இடத்தில் வேலை செய்பவர்கள் மேல் எப்போதும் படிந்திருக்குமே, அந்தப் பஞ்சுத் தூசி. சேவியரின் புருவத்தில், தலைமுடியில், சட்டைக் காலரில் எல்லாம் இருந்தது. அது காயத்துக்குள்ளும் இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அது மண்ணுக்கு அடியில் இருந்தது. முதலில் பஞ்சு, அதற்கு மேலே மண். காட்டில் விழுந்து கால் உடைந்தவனுக்கு முதலில் மண்ணல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? முழங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை, உள்ளங்கையில் ஒரு கல் குத்தவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. காயத்தைச் சுற்றித் தோலில் சதுரமாக, அளவெடுத்த மாதிரி, பிளாஸ்திரியின் பசைத் தடம். யாரோ மிக அழகாகக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். யாரோ அதை அவிழ்த்தும் இருக்கிறார்கள்.

நான் போலீஸ் அல்ல. கண்டதை அப்படியே குறித்து வைத்தேன். கேஸ் ஷீட்டில் விபத்து நடந்த இடம் என்ற கேள்விக்கு 'நோயாளி சொன்னபடி' என்று எழுதினேன். செத்த சதையை வெட்டி எடுத்து, வாளி வாளியாகக் கழுவி, வெளியே கம்பி பொருத்தி எலும்பை நிறுத்தினோம். காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டு, மேலே ஈரத் துணி வைத்துக் கட்டினோம். மண் பட்ட காயத்தைத் தைத்து மூடுவது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கதவையும் சாத்திவிட்டு வருவது போன்றது.

இதை அந்தக் கம்பெனி முதலாளிக்குப் புரியவைப்பது அறுவை சிகிச்சையைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், நிஜமாகவே கவலைப்பட்டார். அவருக்குச் சேவியரின் கால் மீதும் கவலை, வரப்போகும் வெளிநாட்டுச் சோதனை மீதும் கவலை. எந்தக் கவலை எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தையல் போடலீங்களாமா டாக்டர்?"

"இல்லீங்க. திறந்துதான் இருக்கணும்."

"அதெப்படீங்க, தைக்காம விட்டா முடிஞ்ச வேலைன்னு ஆகுமுங்களா?"

தைத்து, மடித்து, பெட்டியில் போட்டு அனுப்பியே வாழ்ந்த ஊர். இந்த ஊரில் தைக்காமல் வெளியே அனுப்புகிற ஒரே யூனிட் என்னுடைய தியேட்டராகத்தான் இருந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டே போனவர், மறுநாள் காலையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி நிறைய ஊசி மருந்து அனுப்பிவைத்தார். கோயமுத்தூரில் யாரிடமோ விசாரித்து, இருப்பதிலேயே பெரிய ஆன்டிபயாடிக்காக வாங்கியிருக்கிறார். எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று கொண்டுவந்த டிரைவர் என்னிடம் சொன்னார்.

சேவியரின் மனைவி ஜெயராணிக்கு நல்லூரில் ஒரு தையல் யூனிட்டில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. அடிபட்ட அன்றே தகவல் தெரிந்து, வேலைக்குப் போன சேலையோடு ஓடி வந்திருந்தாள். தலைமுடியில் அவளுக்கும் பஞ்சு. நான் விவரம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"கால் கெடைச்சிரும்லா, டாக்டரே?"

"முயற்சி செய்றோம்மா. ரெண்டு நாள் பாக்கணும்."

"அவியளுக்கு நின்னு செய்ற வேலதான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "எங்க வச்சு விழுந்தாவளாம்?"

"பைக்ல போறப்ப, சேவூர் ரோட்டுலன்னு சொல்றாங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "பைக்கா? அவிய சைக்கிளே ஓட்ட மாட்டாவளே."

உள்ளே போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் என்ன பேசினார்களோ, வெளியே வந்தபோது அவளும் "நாய்தான் குறுக்க வந்துட்டாம், டாக்டரே" என்றாள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே நாயை நம்ப முடிவெடுத்துவிட்டால் மருத்துவம் அங்கே என்ன செய்ய முடியும்? அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பிழைக்க வந்த ஊரில், கால் இருந்தாலும் போனாலும் அந்தக் கம்பெனிதான் அவர்களுக்குக் கதி.

மறுநாள் சேவியருக்குக் காய்ச்சல் ஏறியது. கால் வீங்கி, கெண்டைக்கால் கல் போல இறுகியது. நாடி வேகமாக ஓடியது. கட்டைப் பிரித்தேன். மேலே தெரிந்த காயம் சுத்தமாகவே இருந்தது, சதை சிவப்பாக, தொட்டால் துடிக்கிற மாதிரி. பார்த்த இடத்தில் தப்பு இல்லை, ஆனால் ஆள் சரிந்துகொண்டிருந்தான். எனக்குள் பயம் வந்தது என்று சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை. காலா, உயிரா என்ற கேள்வியைச் சாயங்காலத்துக்குள் ஜெயராணியிடம் கேட்க வேண்டிவருமோ என்றிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு மருத்துவமனை முழுவதும் ஒரே குரலில் பேசும். மருந்தை மாற்றுங்கள். என் உதவி டாக்டர் சொன்னார், மருந்தை மாற்றலாம் சார். முதலாளி போனில் சொன்னார், பெட்டி அனுப்பியிருக்கேனுங்களே, அதப் பிரிங்க. அட்டைப் பெட்டி மேஜை மீது இருந்தது, கை நீட்டினால் எடுத்துவிடலாம். மருந்தை மாற்றுவது சுலபம். சீட்டில் ஒரு வரியை அடித்து இன்னொரு வரி எழுதினால் போதும், ஏதோ செய்துவிட்ட நிம்மதி எல்லோருக்கும் வந்துவிடும். ஆனால் மருந்து ரத்தத்தோடுதான் பயணம் செய்யும். ரத்தம் போகாத இடத்தில் அழுக்கு உட்கார்ந்திருந்தால், உலகத்திலேயே பெரிய மருந்தும் வாசலில் நின்று திரும்பிவிடும். எங்கேயோ அழுக்கு மிச்சம் இருக்கிறது. எங்கே?

அங்கேதான் எனக்கு அந்தப் பொய் இடித்தது. ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தால் மண் எந்தப் பக்கமாக, எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று அனுபவத்தில் தெரியும். அந்த வழியெல்லாம் கழுவியாயிற்று. ஆனால் இவன்தான் விழவே இல்லையே. விழாதவன் காலில் மண் எந்த வழியாகப் போயிருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. முழுக் காலையும் கீறித் தேடினால் தேடுதலிலேயே கால் போய்விடும்.

பூபதி வராந்தாவில்தான் இருந்தார். முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்று சட்டை சொன்னது. என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். விபத்து எங்கே நடந்தது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அவருடைய வேலை போகும். அந்தக் கேள்வியை நான் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் நாய்தான் குறுக்கே வரும். அதனால் அதைக் கேட்கவில்லை.

"பூபதி, எங்க அடிபட்டுச்சுன்னு நான் கேக்கல. நீங்க சொல்லவும் வேண்டாம். அந்தக் கால்ல இருந்த மண்ணு என்ன மண்ணு? அத மட்டும் சொல்லுங்க."

அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன்.

"மண்ணுங்களா சார்? நல்ல மண்ணுங்க."

"நல்ல மண்ணுன்னா?"

"எருப் போட்டு ஓட்டுன காடுங்க. எங்க பெரீப்பா காடுதானுங்க. ரோட்டோரத்து மண்ணுல கண்ணாடி, ஆணின்னு கண்டதும் கெடக்குமுங்க சார். எதாச்சும் ஆயிப்போச்சுன்னா? அதான் வரப்பு தாண்டி உள்ள போயி சுத்தமான மண்ணாப் பாத்து எடுத்தனுங்க."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் மாட்டுச் சாணம் வாசலைச் சுத்தம் செய்கிற பொருள், எரு மக்கிய மண்தான் உயர்ந்த மண். பட்டணத்தான் யாராவது அந்த வேலையைச் செய்திருந்தால் ரோட்டுப் புழுதியை அள்ளிப் போட்டிருப்பான், காலுக்கு அது எவ்வளவோ மேல். அக்கறை உள்ள ஒரு விவசாயி மகன் தேடித் தேடி, எலும்பு தெரிகிற காயத்துக்கு உலகத்திலேயே மோசமான மண்ணைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"சரி. எப்படிப் பூசுனீங்க?"

கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பூசறதுக்கு முன்னால கட்ட அவுக்க வேண்டியதாப் போச்சுங்க. எங்க பர்ஸ்ட் எய்டு புள்ள ரொம்ப நல்லாக் கட்டுப் போட்டிருச்சுங்க சார். காட்டுல உளுந்தவனுக்கு அந்த மாதிரி கட்டு இருக்காதுங்களே."

பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, வெளிநாட்டுக்காரர் மெச்ச வேண்டும் என்று உருவாக்கிய முதலுதவி அது. இத்தனை வருடத்தில் அந்தக் கம்பெனியில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். ஒழுங்காக நடந்துவிட்டது என்பதற்காகவே அதை அவிழ்த்து எறிந்திருக்கிறார்கள்.

"அப்பறம்?"

"மண்ணு காஞ்சு கெடந்துச்சுங்க, ஒட்டல. தொட்டித் தண்ணி எடுத்துக் கொழச்சு ஊத்துனனுங்க."

"என்ன தொட்டி?"

"மாட்டுத் தொட்டிங்க சார்."

"ஊத்தறப்ப அவரு படுத்திருந்தாரா, உக்காந்திருந்தாரா?"

"வேன் கதவத் தொறந்து ஓரமா உக்கார வெச்சிருந்தமுங்க. காலு தொங்கிட்டு இருந்துச்சு." அவர் தன் பேண்ட் மீதே விரலை வைத்துக் காட்டினார். "இங்க ஊத்துனனுங்க. கீழ குதிகால் வழியா வடியுமுன்னு பாத்தேன். பாதிதானுங்க வந்துச்சு."

"மீதி?"

"மீதி வரலீங்க." சொல்லிவிட்டு பேண்ட் மீதிருந்த விரலை எடுத்துக்கொண்டார். அந்த மீதி எங்கே போயிருக்கும் என்று அவருக்கும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

எழுந்து கிளம்பினேன். அவர் பின்னாலேயே வந்து, கண்ணெல்லாம் கலங்க, ஒரு யோசனை சொன்னார். "சார், அது உளுந்து ஒட்டுன மண்ணு இல்லீங்களே. அந்த மண்ணுக்குப் போடற ஊசிய வேணும்னா நிறுத்திரலாமுங்களா? தேவையில்லாம எதுக்குங்க?"

"பூபதி, கததான் பொய். மண்ணு நெசம்."

சேவியரை மறுபடி தியேட்டருக்கு எடுத்துப் போனோம். பழைய காயத்தை விட்டுவிட்டு, கெண்டைக்காலின் கீழே, குதிகால் பக்கமாக ஒரு திறப்பு வைத்தேன். விழுந்த காயத்தில் எந்த டாக்டரும் கத்தி வைக்காத இடம். தசைகளுக்கு நடுவே ஒரு பை போல இருந்தது. அதற்குள் சேற்றுத் தண்ணீர், பச்சையும் பழுப்புமாக, செரிக்காத வைக்கோல் துணுக்குகளோடு. நாற்றம் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சதை செத்திருந்தது, அதற்கு அப்பால் உயிரோடு துடித்தது. செத்ததை வெட்டினேன், மீதியைக் கழுவினேன். தண்ணீர் கண்ணாடியாக வரும்வரை கழுவினோம்.

மருந்தை மாற்றவில்லை. மூன்று மருந்தும் முதல் நாள் போட்டவையேதான். அதுவரை வாசலில் நின்றுகொண்டிருந்த மருந்துகளுக்கு உள்ளே போக வழி கிடைத்தது, அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கியது. ஜெயராணியிடம் கால் இருக்கும் என்று சொன்னபோது அவள் அழவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவளாக, கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

காயம் சுத்தமாகி, கோயமுத்தூரிலிருந்து வந்த பிளாஸ்டிக் சர்ஜன் சதையும் தோலும் வைத்து மூடியதும் மருந்தை நிறுத்தினேன். உடனே முதலாளி வந்துவிட்டார். அட்டைப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்ததில் அவருக்கு மிகுந்த வருத்தம்.

"அதுக்குள்ள நிறுத்திட்டீங்களாமா? இன்னும் ஒரு பத்து நாளைக்குப் போட்டா என்னங்க கெட்டுப்போகுது?"

அவர் சாயப்பட்டறையும் வைத்திருந்தார். "துணியில எண்ணெய்க் கறை இருக்குதுன்னு வெச்சுக்கங்க. சாயத்தக் கொஞ்சம் கூடப் போட்டா சரியாயிருமுங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படீங்க? மொதல்ல வாஷ் போட்டுக் கறைய எடுக்கோணும். அப்பறம் அளவாச் சாயம் போட்டாப் போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "சரீங்க, புரிஞ்சுது." புரிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கிளம்பும்போது, அந்தப் பெட்டியை டிஸ்சார்ஜ் ஆகும்போதாவது கொடுத்து அனுப்பச் சொன்னார்.

இந்தக் கதையிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். முதல் ஊசியைக் கதை கேட்காமல் போடுங்கள். கழுவுவதை மருந்து செய்யாது. உங்களுக்கு உண்மை தேவைப்படும்போது, எதிரில் இருப்பவர் தன் சோற்றில் மண் விழாமல் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைத் தேடுங்கள். பூபதி இன்றுவரை என்னிடம் விபத்து எங்கே நடந்தது என்று சொன்னதில்லை. நாங்கள் மண்ணைப் பற்றித்தான் பேசினோம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களில் யாருக்காவது போதாது என்று தோன்றினால் அதையும் மதிக்கிறேன். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன்.

சேவியருக்கு எலும்பு சேர மாதக்கணக்கானது. கம்பிகளைக் கழற்றி, கோலூன்றி, பிறகு கோலையும் விட்டான். வெளிநாட்டுச் சோதனை எப்படியோ தள்ளித் தள்ளிப் போய், அவன் வேலைக்குத் திரும்பும் சமயத்தில் வந்து சேர்ந்தது. அந்தச் சோதனையில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்கார வைத்து, மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சேவியர் கடைசிப் பரிசோதனைக்கு வந்தான். முதலில் ஜெயராணி வந்தாள், தனியாக. "நான் பஸ்ல வந்தேன், டாக்டரே. அவிய பின்னால வாராவ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சற்று நேரத்தில் அவன் வந்தான். நொண்டவில்லை. எக்ஸ்ரே நன்றாக இருந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன், நடந்தான். குந்தச் சொன்னேன், குந்தினான். கையில் ஒரு வண்டிச் சாவி.

"என்னப்பா இது?"

"பைக் ஓட்டப் படிச்சுட்டேன், சார். பூபதி சார்தான் கம்பெனிக்குள்ள வச்சுச் சொல்லிக் குடுத்தாவ."

"எதுக்கு?"

அவன் தயங்காமல் சொன்னான். "அந்த வெள்ளக்காரன் என்னையக் கூப்ட்டுக் கேப்பாம்லா, சார். பைக்குல இருந்து விழுந்தேன்னு சொல்லணும். ஒரு தடவகூட ஏறி உக்காராம எப்படிச் சார் அப்படிச் சொல்லுதது? பொய்யாப் போயிராதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தேன். பிறகு மனம் கேட்காமல் ஜன்னலுக்குப் போய் நின்றேன். வாசலில் வண்டியைக் கிளப்பினான், அணைந்தது. மறுபடி கிளப்பினான். வண்டி ஒரு பக்கமாகச் சாய, இடது காலைத் தரையில் ஊன்றி உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் தாங்கினான். கால் தாங்கியது. பிறகு அதே காலால் கியரை மிதித்து, அவிநாசி ரோட்டு நெரிசலுக்குள், தான் விழப்போகும் இடத்தைத் தேடுகிறவனைப் போல ஆடி ஆடிப் போனான். ஜெயராணி அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.